இரு தட்டும் ஒரு கையில்

குத்துச்சண்டை மேடையில் இருவர் மோதுகின்றனர். ஒருவன் வெல்கிறான்; மற்றவன் வீழ்கிறான். இது கண்ணுக்குத் தெரியும் போர். கண்ணுக்குத் தெரியாத போர் ஒன்றும் உண்டு. அது ஒப்பந்தத் தாளின்மேல் நடைபெறுவது. அப்போரில் வென்றவனும் தோற்றவனும் சேர்ந்தே வீழ்வதுண்டு. 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் மோதியதை நம் நாட்டு முதியோர் இன்றும் வியந்து பேசுவர். பேசப்படுவதெல்லாம் வீரரின் கைகளைப் பற்றியே. அக்கைகள் ஈட்டிய பணத்தை எண்ணிய கைகளைப் பற்றிப் பேசுவார் அரியர். அவற்றைப் பற்றிப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஏற்பாட்டாளர் என்பவர் யார்? அரங்கை அமர்த்தி, தொலைக்காட்சி உரிமையை விற்று, நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திரட்டிப் போட்டியை நடத்தும் வணிகர். வீரனின் ஊதியம் அவருக்குச் செலவு. அது குறையக் குறைய அவர்தம் இலாபம் உயரும். மேலாளர் என்பவர் யார்? வீரனின் சார்பில் பேரம் பேசி, அவன் ஊதியத்தில் ஒரு பங்கைப் பெறுபவர். அவ்வூதியம் உயர உயர இவர்தம் வருவாயும் உயரும். ஆகவே, இவ்விருவரும் ஒரு மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர வேண்டியவர்கள். இருவரும் ஒருவராகிவிட்டால், அல்லது ஒரே வீட்டினராகிவிட்டால், வீரனின் பக்கத்து நாற்காலி வெறுமையாகிவிட்டது என்பதே பொருள்.

இது கற்பனையன்று. 1980-களில் டான் கிங் அமெரிக்கக் குத்துச்சண்டை உலகின் பெரும் ஏற்பாட்டாளர். அவரிடம் ஒப்பந்தமாகியிருந்த வீரர்களுள் ஒருவர் டிம் விதர்ஸ்பூன். அவருடைய மேலாளரோ டான் கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல் கிங். 1986-ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில் விதர்ஸ்பூன், பிராங்க் புரூனோவை 11-ஆம் சுற்றில் வீழ்த்தித் தம் உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். கழிவுகள் யாவும் போக அவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 90,000 டாலர். தோற்ற புரூனோ பெற்றதோ அதனினும் பன்மடங்கு! தந்தை கொடுக்கும் தொகை போதாதென்று மகன் வழக்காடுவான் என எதிர்பார்ப்பது பேதைமையன்றோ?

விதர்ஸ்பூன் ஒருவரோடு இக்கதை முடியவில்லை. 1980-இல் லாரி ஹோம்சுடன் மோதிய முகம்மது அலி, தமக்குரிய தொகையில் 10 இலட்சம் டாலருக்கு மேல் குறைக்கப்பட்டதென்று கிங்கின்மீது வழக்குத் தொடுத்தார். இறுதியில் 50,000 டாலரைப் பெற்றுக்கொண்டு அதனைக் கைவிட்டார். 1998-இல் மைக் டைசன் 10 கோடி டாலர் கேட்டு அதே கிங்கின்மீது வழக்காடினார்; 2004-இல் அது 1 கோடியே 40 இலட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று.

"வீரர்கள் தாமே விரும்பிக் கையொப்பமிட்டனர், பிறகு புலம்புவானேன்?" என்பாரும் உளர். இவ்வாதம் கேட்பதற்கு நேர்மையானதுபோல் தோன்றும். ஆனால், கையொப்பமிடுமுன் 'இது உனக்குத் தீது' என்று தடுக்க வேண்டியவர் எவர்? மேலாளர். அவரே எதிர்ப்பக்கத்தாரின் ஆளாயிருக்கையில் பெறப்பட்ட இசைவு, அறிந்து கொடுத்த இசைவாகுமா? கண்ணைக் கட்டிவிட்டு 'வழியை நீயே தேர்ந்தாய்' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இதனை உணர்ந்தே அமெரிக்க நாடு 2000-ஆம் ஆண்டில் முகம்மது அலியின் பெயரால் ஒரு சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. ஏற்பாட்டாளர் மேலாண்மையிலும், மேலாளர் ஏற்பாட்டிலும் பொருள்நலன் கொள்ளலாகாது என்று இடையே ஒரு சுவரை எழுப்பியது. போட்டியால் தமக்கு வரும் தொகையை ஏற்பாட்டாளர் வீரனுக்குத் தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்தது. நல்ல சட்டமே. ஆயினும், பத்துச் சுற்றுக்குக் குறைந்த போட்டிகளில் மட்டும் ஈடுபடும் வீரனுக்கு அச்சுவர் இல்லை. வறுமையினின்று எழுந்துவரும் இளைஞனுக்குத்தானே காவல் மிகுதியாக வேண்டும்? அவனை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டிய கோட்டை அது.

அச்சுவரைப் பெயரளவில் தாண்டவும் வழியுண்டா என்ற ஐயம் 2015-இல் எழுந்தது. அல் ஹேமன் என்பார் தம்மை மேலாளரென்றோ ஏற்பாட்டாளரென்றோ கூறாமல், வீரர்களின் 'ஆலோசகர்' என்றே வழங்கினார். அவர் இரு வேடமும் புனைகிறார் எனக் கோல்டன் பாய் நிறுவனம் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது, 2017-இல் தோற்றது. தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. ஆயினும், வீரனைக் காக்கப் பிறந்த சட்டத்தை ஏந்தி நீதிமன்றத்தில் முன்னின்றது ஒரு போட்டி நிறுவனம் என்பதை மறத்தலாகாது. செல்வர் இருவர் வழக்காடலாம். கூலிக்கு அடிபடும் வீரன் எந்த வழக்கறிஞரை அமர்த்துவான்?

இப்போது அச்சுவருக்கு அருகிலேயே வேறொரு வாயிலைத் திறக்கச் சிலர் முனைந்துள்ளனர். 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட திருத்த மசோதா, ஒரே அமைப்பு போட்டியை நடத்தவும், தரவரிசை வகுக்கவும், பட்டம் வழங்கவும் இடந்தருகிறது. 'பட்டம் வழங்கும் கழகங்கள் பல்கிக் குழப்பம் மிகுந்துவிட்டது, ஒருமை வேண்டும், வீரனுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் மருத்துவக் காப்புறுதியும் கிட்டும்' என்பர் அதன் ஆதரவாளர். குழப்பம் உண்மை. ஊழலும் உண்மை. பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த ராபர்ட் லீயின்மீது, தரவரிசைக்குக் கையூட்டுப் பெற்றதாக வழக்கு நடந்தது. 2000-ஆம் ஆண்டில் அவர் பல குற்றச்சாட்டுகளினின்று விடுவிக்கப்பட்டாலும், பணச்சலவை, வரி ஏய்ப்புக் குற்றங்களில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஏற்பாட்டாளர் பாப் ஆரம், ஜார்ஜ் போர்மனின் 1995-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஒப்புதல் பெற 100,000 டாலர் கொடுத்ததாக அவ்வழக்கில் சாட்சியமளித்தார்.

ஆனால், அதிலிருந்து நாம் கற்பது யாது? தரம் காண்பவரை ஏற்பாட்டாளர் விலைக்கு வாங்கியது குற்றமென்றால், தரம் காண்பவரும் ஏற்பாட்டாளரும் ஒருவராகவே இருப்பது மட்டும் தீர்வாகுமா? கையூட்டு ஒழியும், உண்மைதான். தனக்குத்தானே கையூட்டுக் கொடுப்பார் இல்லையன்றோ? போட்டியும் பட்டமும் ஒரே நிறுவனத்தின் கையிலுள்ள கலப்புச் சண்டைத் துறையைப் பாருங்கள். ஊதியத்தை அமுக்கியதாக வீரர்கள் தொடுத்த வழக்கில் யு.எஃப்.சி. 37 கோடியே 50 இலட்சம் டாலர் தர இசைந்து சமரசம் செய்துகொண்டது. அதன் தாய் நிறுவனமே இம்மசோதாவின் பெரும் ஆதரவாளர் என்பதைக் கருதுக. காப்புறுதியும் குறைந்தபட்ச ஊதியமும் வேண்டற்பாலனவே. அவற்றைச் சட்டத்தால் நேரே வழங்கலாம். அவற்றுக்கு விலையாகத் தராசை வணிகரிடம் ஒப்படைக்க வேண்டுவதில்லை.

நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த நூலை நாள்தோறும் கற்பிப்பவர்கள் நம் ஆசிரியர்கள். கற்பவர்கள் நம் மாணவர்கள். நடுவுநிலைமை நல்ல மனத்தால் மட்டும் நிலைப்பதன்று. நலன்கள் கலவாதவாறு கட்டிய அமைப்பாலும் நிலைப்பது. ஏற்பாட்டாளர் தீயவர் என்பது நம் வாதமன்று. நல்லவராயினும் அவர் கையில் இரு தட்டும் இருத்தலாகாது என்பதே நம் வாதம். சுவரைத் தகர்க்க வேண்டா. நான்கு சுற்று ஆடும் இளைஞன் வரைக்கும் அதனை நீட்டுக. அடிபடுபவன் பக்கத்தில் அவனுக்கென ஒருவர் அமர்ந்திருக்கட்டும்.