பச்சை மரத்துக்கு எங்கே போவது?

கடம்பூர் என்றால் உங்களுக்குப் போளிதான் ஞாபகம் வரும். டிசம்பர் 13, 14-ல் வந்தால் இன்னொன்றும் உண்டு... இலவசம்! கரிசல் காட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேகம் இல்லாவிட்டால், எரிநட்சத்திரம் சர்சர்ரென்று விழும்.

போன டிசம்பரில், மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவல் இருக்கும் மாமாவுக்குத் துணையாகப் போனேன். ஒன்று விழுந்ததுமே, "யாரோ போய்ட்டாவ மாப்ளே! சட்டுனு பச்சை மரத்தைப் பாரு" என்றார். ராத்திரி பத்து மணிக்குக் கரிசலில் பச்சை மரத்துக்கு எங்கே போவது?

"சாவுமில்லை, நட்சத்திரமுமில்லை மாமா. மணல் சைஸ் தூசி!" பி.காம். விஞ்ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். 1983-ல் கண்டுபிடித்த ஃபேத்தன் என்ற சிறுகோள், ஒன்றரை வருஷத்துக்குள் சூரியனை ஒரு சுற்று சுற்றிவிடும். அது உதிர்த்த தூசிக்குள் பூமி வருஷா வருஷம் நுழைகிறது. நொடிக்கு 35 கி.மீ. வேகத்தில் காற்றில் மோதி எரிகிறது தூசி. பொதுவாக இந்த வேலையைச் செய்வது வால் நட்சத்திரங்கள், இது விதிவிலக்கு.

"நம்ம ஆளுக சிறுகோள் கண்டுபிடிச்சிருக்காவளா?"

"1988-ல் காவலூரில் ராஜமோகன் கண்டுபிடித்தாரே! பேர் ராமானுஜன். 1861-லேயே மெட்ராஸிலிருந்து போக்சன் துரை ஒன்று கண்டார். அதற்குப் பேர் ஆசியா."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்க அத்தை போன அன்னிக்கும் ஒண்ணு விழுந்தது. அதுவும் தூசிதானா?"

அத்தை தவறியது கார்த்திகைக் கடைசியில். அதே வாரம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் சோளத்தில் சலசலப்பு. மாமா டார்ச்சோடு எழுந்துவிட்டார்.