மூழ்கிய கப்பலுக்கு மறுபடி டிக்கெட்

டைட்டானிக் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஜாக்கும் ரோஸும்தான் நினைவுக்கு வருவார்கள். ஜேம்ஸ் கேமரூனின் படம் 1997 டிசம்பரில் வந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பே, ஏப்ரலில், நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அதே கப்பல் தினமும் மூழ்கிக்கொண்டிருந்தது. மோரி யெஸ்டன் இசையும் பாடல்களும், பீட்டர் ஸ்டோன் கதை வசனமும் எழுதிய 'டைட்டானிக்' இசை நாடகம் லன்ட்-ஃபான்டேன் அரங்கில் 804 காட்சிகள் ஓடி, 1999 மார்ச்சில் நின்றது. அதன் பிறகு பிராட்வேக்குத் திரும்பி வரவில்லை. அதன் ரசிகர்களோ அன்று முதல் இன்றுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: மறுபடி எப்போது?

நானும் அந்தக் கட்சிதான். நாடகத்தை மேடையில் பார்த்தவனில்லை, ஒலிப்பதிவைக் கேட்டே ரசிகனானவன். ஆகவே அரங்க அமைப்பைப் பற்றிப் பெரிய பிரமிப்பு எனக்கில்லை. இந்த வழக்கில் அது ஒரு நல்ல தகுதி என்றே நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1,500 பேர் செத்த விபத்தைப் பாட்டும் ஆட்டமுமாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோதே கேலி ஆரம்பித்துவிட்டது. போதாக்குறைக்கு முன்னோட்டக் காட்சிகளில் கப்பல் மூழ்க மறுத்தது. ஸ்டூவர்ட் லைங் அமைத்த அரங்கம் அடுக்கடுக்கானது. ஹைட்ராலிக் இயந்திரங்கள் மேடையையே சாய்க்க வேண்டும். அவை பாதியில் நின்றன. எந்தக் கப்பலை மூழ்காது என்று உலகமே நம்பியதோ, அதை மூழ்கவைக்க முடியாமல் சுமார் 1 கோடி டாலர் போட்டவர்கள் திண்டாடினார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் ஜூனில் பிராட்வேயின் டோனி விருதுகள் வந்தபோது சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சிறந்த இசை நாடகம், கதை வசனம், இசையும் பாடல்களும், அரங்க அமைப்பு, வாத்திய இசைக்கோப்பு என ஐந்து பிரிவுகளில் பரிந்துரை பெற்றது, ஐந்தையும் வென்றது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நடிப்புக்கென்று ஒரு பரிந்துரைகூட இல்லை. நடிகர்கள் சோடை போனதால் அல்ல. பிரையன் டார்சி ஜேம்ஸ், விக்டோரியா கிளார்க், மைக்கேல் செர்வெரிஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள், மூவரும் பின்னாளில் பிராட்வேயின் பெரிய பெயர்கள். நாடகத்தில் கதாநாயகன் கிடையாது, அதுதான் விஷயம். கரி அள்ளிப் போடுபவனுக்கு ஒரு பாட்டு, கப்பலை வடிவமைத்தவருக்கு ஒரு பாட்டு, முதல் வகுப்புச் சீமான்களை எட்டிப் பார்க்கத் துடிக்கும் இரண்டாம் வகுப்புப் பெண்மணிக்கு ஒரு பாட்டு. யாரும் அரங்கைத் தனியாகத் தூக்கிச் செல்வதில்லை. இந்த நாடகத்தை ரசிகர்கள் கொண்டாடுவது இதற்காகத்தான். இது திரும்பி வராமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சவுத்தாம்ப்டன் துறைமுகம், 1912 ஏப்ரல் 10. ஃபிரெட்ரிக் பாரெட் என்ற நெருப்பறைத் தொழிலாளி தனியாக வந்து நின்று, இவ்வளவு பெரியதை எப்படிக் கட்டினார்கள் என்று வாய்பிளக்கிறான். அப்புறம் வேலைக்காரர்கள், மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, கடைசியில் வைரமும் ரோமச் சால்வையுமாக முதல் வகுப்பு. கூட்டம் சேரச் சேரக் குரலும் கூடிக்கொண்டே போகிறது. கால் மணி நேரத்தில் மொத்தக் கப்பலும் ஒரே குரலில் பாடுகிறது. இந்தப் பயணம் எப்படி முடியும் என்பது கேட்பவருக்குத் தெரியும், பாடுபவர்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அதே பாரெட் கம்பியில்லாத் தந்தி அறைக்கு ஏறி வருகிறான். ஊரில் இருக்கும் காதலிக்கு, கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று செய்தி அனுப்ப வேண்டுமாம். தந்திக்காரர் ஹெரால்ட் பிரைட் கூச்ச சுபாவி. யாரோடும் ஒட்டாமல் கிடந்தவருக்கு, இரவெல்லாம் காற்றில் வரும் முகமறியாத குரல்களே துணை. ஒருவன் காதலைச் சொல்லிக்கொண்டு போக, மற்றவர் தன் தனிமை எப்படித் தீர்ந்தது என்று பாட, இரண்டு மெட்டும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னால் அதே கருவிதான் உதவி கேட்டுக் கதறப்போகிறது.

நாடகத்தின் பாரெட் பிழைப்பதில்லை. நிஜ பாரெட் பிழைத்தார், விசாரணையில் சாட்சியமும் சொன்னார். வரலாற்றில் கறாரானவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. நியாயமான குறைதான். ஆனாலும் கப்பலின் அடிவயிற்றில் வெந்துகொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் மேலே வரவே இல்லை. அவர்கள் எல்லோருக்குமாக ஒரு முகம் வேண்டும் என்று ஆசிரியர்கள் நினைத்திருக்கலாம்.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரஸ்யம் என்று கேட்பவர்கள் உண்டு. விடியவிடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்க்கிற ஊர்க்காரர்களிடம் போய் அதைக் கேளுங்கள். கர்ணன் சாவான் என்று தெரியாமலா உட்கார்ந்திருக்கிறார்கள்? பீட்டர் ஸ்டோனுக்கு இந்தச் சூட்சுமம் அத்துப்படி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து விழுமா விழாதா என்பதை வைத்தே '1776' என்ற இசை நாடகத்துக்கு வசனம் எழுதி வென்றவர் அவர். இங்கே கேட் என்ற ஒரே பெயருடைய மூன்று ஐரிஷ் பெண்கள், அமெரிக்கா போய் என்னவாகப்போகிறோம் என்று கனவு காண்கிறார்கள். பணிப்பெண் வேலைதான் ஒருத்தியின் உச்சக் கனவு. 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம், கப்பலில் இருப்பதோ சுமார் 2,200 பேர் என்ற கணக்கு தெரிந்தவர்கள் அந்தப் பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. பனிமலை மோதிய பிறகு கேப்டனும் முதலாளி இஸ்மேயும் வடிவமைப்பாளர் ஆண்ட்ரூஸும் தந்தி அறையில் நின்று, தப்பு யாருடையது என்று ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொள்கிறார்கள். எந்த விபத்துக்கும் அடுத்த நாள் நாம் டிவியில் பார்ப்பதுதான்.

அப்படியானால் ஏன் திரும்பி வரவில்லை? எல்லாம் பணக் கணக்குத்தான். பிராட்வேயில் முதலீட்டாளர் முதலில் கேட்பது, யார் நடிக்கிறார்கள் என்று. நட்சத்திரத்தை வைத்து விற்க இதில் பாத்திரமே இல்லை. முப்பது, நாற்பது பேருக்குச் சம்பளம் தர வேண்டும். ஜொனாதன் டியூனிக்கின் இசைக்கோப்புக்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டும். லண்டனில் 2013-ல் தாம் சதர்லண்ட் சின்ன அரங்கான சதக் பிளேஹவுஸில் 20 நடிகர்களை வைத்து இதைச் சாதித்துக் காட்டினார். அது பிரிட்டன் முழுக்கச் சுற்றி, படமாக்கப்பட்டு 2023-ல் திரையரங்குகளுக்கும் வந்தது. அந்தத் தயாரிப்பை பிராட்வேக்குக் கொண்டுவரும் திட்டமும் அறிவிக்கப்பட்டு அப்படியே கைவிடப்பட்டது. 2024 ஜூனில் நியூயார்க் சிட்டி சென்டரின் 'என்கோர்ஸ்' வரிசையில், பெரிய அரங்க அமைப்பு எதுவும் இல்லாமல், முழு வாத்தியக் குழுவோடு இரண்டு வாரம் நடந்தது. ரமின் கரீம்லூ பாரெட்டாகப் பாடினார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ரசிகர்கள் இதோ வந்துவிட்டது என்று துள்ளினார்கள். ஆனால் பிராட்வே கதவு திறக்கவில்லை.

ரசிகர்களின் நம்பிக்கை வெறும் பேராசையும் அல்ல. இதே 'என்கோர்ஸ்' மேடையில் 1996-ல் எளிமையாக நடந்த 'சிகாகோ'தான் பிராட்வேக்குப் போய், 'டைட்டானிக்' வென்ற அதே டோனி இரவில் சிறந்த மறுதயாரிப்பு விருதை வாங்கி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய கூட்டமும் பெரிய வாத்தியக் குழுவும் கேட்கும் 'ராக்டைம்' 2024-ல் சிட்டி சென்டரில் நடந்து, மறு ஆண்டே லிங்கன் சென்டர் தியேட்டர் மூலம் பிராட்வே ஏறியது. லிங்கன் சென்டர் தியேட்டர் லாப நோக்கமில்லாத அமைப்பு. வழி அங்கேதான் இருக்கிறது. இதற்கிடையே கேமரூன் படத்தை நையாண்டி செய்து, செலின் டியானின் பாட்டுகளைக் கோத்த 'டைட்டனீக்' 2022 முதல் சக்கைப்போடு போடுகிறது, லண்டனில் ஆலிவியர் விருதும் வாங்கிவிட்டது. சிரிக்கத் தயாராக இருக்கும் பார்வையாளர்களுக்கு அழவும் வாய்ப்பு கொடுத்தால் என்ன?

ரசிகர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சாய்கிற மேடையைக் கேட்காதீர்கள். அதைக் கேட்டால் செலவு ஏறும், நாடகம் இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போகும். 1997-ல் சிரிப்புக்கு இடமானது அந்த இயந்திரம். இன்றுவரை ஆளை இழுப்பது பாட்டு. ஆட்களையும் வாத்தியங்களையும் மட்டும் குறைக்க விடாதீர்கள், கப்பல் சாயாவிட்டால் பரவாயில்லை.

இந்த நாடகத்தைக் கேள்விப்படாதவர்கள் 1997 ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். நடுவில் தாவாமல், முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.