டிரான்சாக்‌ஷன் போட்டால் மட்டும் போதாது

“அதெல்லாம் டிரான்சாக்‌ஷனுக்குள்ள போட்டாச்சு, பயமில்லை.” மென்பொருள் எழுதும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பணத்தைக் கையாளும் நிரலில் இதை நம்பி உட்கார்ந்திருப்பது பெரும் தவறு.

ஒரு கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. ஒரே நொடியில் இரண்டு கோரிக்கைகள், ஆளுக்கு 800 கேட்டு வருகின்றன. நிரல் இருப்பைப் படிக்கிறது, போதுமா என்று பார்க்கிறது, கழித்து 200 என்று எழுதுகிறது. இரண்டும் தனித்தனி டிரான்சாக்‌ஷனில்தான் ஓடுகின்றன. ஆனால் இரண்டுமே 1,000 என்று படித்துவிட்டன. முதலாவது கமிட் ஆகும்வரை இரண்டாவது காத்திருக்கும். பிறகு அதன்மேலேயே மறுபடி 200 என்று எழுதும். வெளியே போனது 1,600, கணக்கில் மிச்சம் 200. பிழைச்செய்தி ஒன்றுகூட வராது.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் தரவுத்தளங்கள் இரண்டிலும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பது ‘ரீட் கமிட்டட்’ நிலை. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் ‘ரிப்பீட்டபிள் ரீட்’. மூன்றிலும் இந்த ஓட்டை உண்டு. வேலை முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது என்பதற்குத்தான் உத்தரவாதம். பக்கத்தில் ஓடுபவரிடமிருந்து முழுக் காப்பு வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. 2014இல் பிளெக்ஸ்காயின் என்ற பிட்காயின் சேவையில் ஒருவர் ஆயிரக்கணக்கான பணமாற்றக் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பினார். இருப்பு குறைவதற்குள் அத்தனையும் நிறைவேறின. 896 பிட்காயின்கள் போயின, சேவையையே மூடினார்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வார்ஷாவ்ஸ்கியும் பெய்லிஸும் 12 இணையக்கடை மென்பொருள்களைச் சோதித்து, இந்த வகையில் 22 கடுமையான ஓட்டைகளைக் கண்டார்கள்.

டிரான்சாக்‌ஷன் மட்டுமே காக்கும் என்ற நம்பிக்கை ஏன் சாகவில்லை? நம் மடிக்கணினியில் நாம் ஒருவராகச் சோதிக்கிறோம். ஒருவர் ஓடும்போது எல்லா நிரலும் சரிதான்.

அப்படியானால் என்ன செய்வது? படித்து, கழித்து, எழுதாதீர்கள். ‘இருப்பு 800க்குக் குறையாவிட்டால் 800 கழி’ என்று ஒரே அப்டேட்டில் சொல்லி, எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். படித்தே ஆக வேண்டுமென்றால் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ போட்டுப் பூட்டுங்கள். ‘சீரியலைசபிள்’ நிலையைக் கேட்டால், போஸ்ட்கிரெஸ் 40001 என்ற பிழையோடு உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும். அதை விழுங்கிவிடாமல், படிப்பதிலிருந்து முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

உங்கள் நிரலில் பணம் கழியும் இடத்தை இன்றே திறந்து, ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கைகளை அனுப்பிப் பாருங்கள்.