அற்றது என எழுதுமுன்

ஓர் உயிரினம் உலகில் அற்றுப்போயிற்று என எழுதுதற்கு ஒரு வரி போதும். அவ்வரியை எழுதும் தகுதியைப் பெறுதற்கோ நெடுநாள் தேடல் வேண்டும். தீவுகளில் வாழும் அரிய தாவரங்களின் நிலையை மதிப்பிடுங்கால் இவ்வுண்மை மறக்கப்படுதல் ஆகாது என்பதே யாம் ஈண்டு வலியுறுத்த விழைவது.

1948ஆம் ஆண்டிலே தோன்றிய இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், 1964ஆம் ஆண்டு முதல் சிவப்புப் பட்டியலைப் பேணி வருகின்றது. ஓரினத்தின் தொகை, அது குறையும் வேகம், அது பரவியுள்ள நிலத்தின் அளவு முதலியவற்றைக் கொண்டு அதன் நிலை வகுக்கப்படும். இயற்கையில் முதிர்ந்த செடிகள் 50க்குக் குறையின் அது மிகக் கடுமையாக அருகிய இனமாகும். இறுதி உயிரும் மடிந்ததென்பதில் நியாயமான ஐயம் எதுவும் எஞ்சாதபோதே அற்றுப்போனது எனல் வேண்டும். அதுவும், அது வாழ்ந்த இடங்களெங்கும் தக்க பருவத்திலே தேடிக் காணாத பின்னரே. விதி தெளிவானது, அதனைக் கைக்கொள்ளுதலே அரிது.

இதற்கு றொட்றிக்ஸ் தீவு நல்ல சான்றாகும். இந்து சமுத்திரத்தில் மொறீசியசுக்குக் கிழக்கேயுள்ள அச்சிறு தீவிலே, கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த 'கபே மறோன்' என்னும் வெண்பூச் செடி அற்றுப்போயிற்று என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. 1979ஆம் ஆண்டளவில் அத்தீவின் ஆசிரியர் ஒருவர் பழைய படமொன்றைக் காட்டித் தம் மாணவருக்கு அதனைப் பற்றிக் கற்பித்தார். மாணவன் ஒருவன் அச்செடியை இனங்கண்டு கூறினான். உலகில் எஞ்சி நின்றது அவ்வொன்றே! செய்தி பரவவே, மருந்துக்கென்று கிளையொடிப்போர் வரலாயினர். வேலி கட்டிக் காக்க நேர்ந்தது. 1986ஆம் ஆண்டில் அதன் துண்டங்கள் இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்று வேர்கொண்டன. ஆண்டுகள் பல பூத்தும் காய்க்காதிருந்த அச்செடி, 2003ஆம் ஆண்டில் கார்லொஸ் மக்டலேனா என்பாரின் முயற்சியால் வித்துத் தந்தது. பின்னர் அவ்வித்துக்கள் தாயகத் தீவுக்கும் அனுப்பப்பெற்றன.

எமது நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த 'குறூடியா சிலானிக்கா' என்னும் மரம் இலங்கைக்கே உரியது. 2012ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியல் அதனை அற்றுப்போனதாகக் குறித்தது. 2019ஆம் ஆண்டிலோ கம்பஹா மாவட்டத்தில் அம்மரம் ஒன்று உயிரோடு நிற்கக் காணப்பட்டது. 2021ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைப் பணிக்காக அதனை வெட்ட முற்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் அறிஞர் கண்ணில் அது படாதிருப்பின், அதன் பொருட்டு வாதாடுவார் யாவர்? இறந்ததென்று எழுதப்பட்டதற்குக் காவல் வைப்பார் இலர். பட்டியலிற் பிழைபட்ட ஒரு சொல் கோடரியினும் கொடிதாதல் கூடும்.

எல்லாவிடமும் தேடி முடியும்வரை தீர்ப்புக் கூறாதிருத்தல் இயலுமோ எனச் சிலர் வினவுவர். இயலாதுதான். அதற்காகவே 'மிகக் கடுமையாக அருகியது. அற்றுப்போயிருத்தலும் கூடும்' என்றொரு குறிப்பு அவ்வொன்றியத்தாரால் வகுக்கப்பட்டுள்ளது. ஐயத்தை ஐயமாகவே எழுதுவது அறியாமையன்று; தேடலும் காவலும் தொடர்தற்கு அதுவே வழி.

இத்தேடலைத் தாவரவியலார் சிலர் மட்டும் செய்து முடித்தல் அரிது. ஊரின் ஒழுங்கைகளையும் குளக்கரைகளையும் நாள்தோறும் கடந்து செல்வோர் மாணவரே. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொகுத்த 99 மலர்ப் பெயர்களையும் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கரை யாம் கண்டுள்ளோம். அவற்றுட் பத்தினை நேரிற் காட்டுமாறு கேட்பின் தயங்குவர். பெயரை மட்டும் போற்றிப் பொருளை இழத்தல் தமிழ்க் கல்வியும் ஆகாது, விஞ்ஞானக் கல்வியும் ஆகாது.

ஆதலின், விழாக் காணும் எம் கல்லூரிக்கு யாம் வேண்டுவது ஒன்றுண்டு. தமிழாசிரியரும் தாவரவியல் ஆசிரியரும் கூடி, அயலிலுள்ள மரஞ்செடிகளின் ஊர்ப்பெயர், நிற்குமிடம், பூக்குங் காலம், தொகை என்பவற்றை மாணவர் கையால் ஆண்டுதோறும் ஓர் ஏட்டிற் பதியச் செய்தல் வேண்டும். பழைய மாணவர் தாம் இளமையிற் கண்டவற்றை அதிற் சேர்ப்பாராக. பெருஞ்செலவு இதற்கில்லை. நாளை ஓரினத்தின் நிலையை மதிப்பிட வருவார்க்கு, அவ்வேடு எந்நினைவுச் சின்னத்தினும் பயன் தருவதாகும்.