கை வெடிப்பது அழுக்கினாலா, ஆசிட்டினாலா?

"குளித்தால் போகும் சொறி" என்று சொல்லித் தொழிலாளியைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பும் காலம் இன்னும் மலையேறவில்லை. தோல் உரிந்து, விரலை மடக்க முடியாமல் நிற்பவரிடம், "வீடு சுத்தமில்லை, ரத்தம் கெட்டுவிட்டது" என்கிறார்கள். தோழர்களே, தலைகுனியாதீர்கள். கெட்டது ரத்தமல்ல, நம்மை வேலை வாங்கும் விதம்!

பால் உறையாதிருக்க அமோனியா கலக்கிறோம். உறைய வைக்க பார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். இரண்டும் தோலை அரிப்பவை. நாள்தோறும் பட்டால் எவர் கையும் சிவக்கும், எரியும், வெடிக்கும். துரையின் கையானாலும் அப்படித்தான். இது தொற்று நோயுமல்ல.

இன்னொன்று ஒவ்வாமை. ரப்பர் கையுறை, பூட்ஸ் செய்யும்போது சேர்க்கும் ரசாயனங்கள் சிலர் உடம்புக்கு ஆகா. பட்ட ஓரிரு நாளில் அரிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். கையுறை முடிகிற இடத்தில் புண்ணும் கோடு போட்டாற்போல் நிற்கும். எது ஆகவில்லை என்பதை முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனையால் தோல் டாக்டர் கண்டுபிடிப்பார். அவருக்கு வேறு வகைக் கையுறை கொடுக்க வேண்டும். "பழகிக்கொள்" என்பது வைத்தியமல்ல. ஒவ்வாமை படப்பட முற்றும்.

எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பா? ஸ்டீராய்டு களிம்பு கரப்பானை ஆற்றும். அதுவும் டாக்டர் சொன்ன நாள்வரைதான். அதையே படர்தாமரையில் தடவினால் அரிப்பு அடங்கினாற்போல் இருக்கும். நோயோ பதுங்கிப் பரவும். ஆசிட் தெறித்தால் நனைந்த உடுப்பைக் களைந்து, ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவுங்கள். மண்ணெண்ணெயால் கை துடைக்காதீர்கள். வேலை முடிந்து கழுவியதும் வாசலின் தடவுங்கள். சீழ் வைத்தால் டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரி!

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நானும் பேனா பிடிப்பவன்தான். புத்தகத்தில் "சொறி" என்று எழுதினால் பாரம் தொழிலாளி தலையில். "ஆசிட் பட்ட கைப்புண்" என்று உள்ளதை எழுதினால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். லீவில் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வருகிறதா? செக்ரோலோடு ஒத்துப் பாருங்கள்.

1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் வேலையால் வரும் நோய்க்கும் இழப்பீடு தருகிறது. 2019 முதல் அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் காரணம் வேலைதான் என்று காட்டத் தாளில் எழுத்து வேண்டும். 1994ஆம் ஆண்டு பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமோ ஆபத்தில்லாத வேலையிடத்தை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. கையுறை தர்மமல்ல, கடமை!

பட்டையில் காயம் பட்டால் மரத்துக்கு மருந்து பூசுகிறார்கள். அந்த மரத்தை வெட்டும் கைக்கு மருந்து கிடையாதா? ஸ்டோரில் தண்ணீர்க் குழாய், பொருத்தமான கையுறை, டாக்டர் பரிசோதனை: இம்மூன்றையும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு. சங்கமாகக் கேட்டால் கோரிக்கை!