முதலில் மீட்டர், அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்!



பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சுற்றி வராத டிப்ளமா மாணவன் நம்மில் யாராவது உண்டா? பழைய டிரங்க் ரோட்டில் செடி, சைக்கிள், கட்டில், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் நடுவே பழைய ஸ்பீக்கர் பெட்டிகளும் உட்கார்ந்திருக்கும். ஆசாரி கையால் செய்த பிளைவுட் பெட்டி, முன்னால் துணி வலை, உள்ளே ஒரு பெரிய ஊஃபர், மேலே சின்னக் கூம்பு வாயோடு ஒரு ஹார்ன் ட்வீட்டர். ஒரு காலத்தில் ஒரு குடும்பமே சுற்றி உட்கார்ந்து பாட்டு கேட்ட பெட்டி அது.

அந்தப் பெட்டி இன்று ரிப்பேருக்கு வந்தால் என்ன நடக்கிறது? "ட்வீட்டர் பழசு சார், தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம்" என்கிற ஒரே பதில்தான். ரிட்சி தெருவுக்கு ஒரு நடை, புது ட்வீட்டர், நாலு ஸ்க்ரூ, வேலை முடிந்தது. இதற்கு நம்ம பசங்க வைத்திருக்கும் பெயர் 'அப்கிரேடு'. இதில் பாதிக்கு மேல் அப்கிரேடே இல்லை என்பது என் கட்சி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான் இது.

முதலில் நாம் தூக்கி எறிவது என்ன பொருள் என்று தெரிய வேண்டாமா? 1926-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் வென்ட், துராஸ் என்ற இருவர் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்ற டிரைவரை உருவாக்கினார்கள். மெல்லிய டயஃப்ரம், அதன் முன்னால் குறுகிய தொண்டை, அதிலிருந்து விரியும் கூம்பு. டயஃப்ரத்தின் அசைவைக் காற்றோடு நன்றாக இணைத்துவிடுவதுதான் கூம்பின் வேலை. அதனால் சில வாட் பவரிலேயே சினிமாக் கொட்டகை நிறைந்தது. பேசும் படம் உலகமெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழில் 'காளிதாஸ்' பேசியது 1931-ல். தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்ததும் அதே ஆண்டில்தான்! அமெரிக்காவில் 1946-ல் பால் கிளிப்ஷ் தொடங்கிய கம்பெனி இதே ஹார்னை வீட்டு மூலைக்கே கொண்டு வந்தது. நம்ம ஊர்ப் பெட்டியில் இருப்பது அந்தப் பரம்பரையின் ஏழைச் சொந்தக்காரன். ஏழை என்றாலும் வேலைக்காரன்.

சரி, பெட்டியில் ட்ரெபிள் மங்கிவிட்டது. குற்றவாளி ட்வீட்டர்தானா? கண்டுபிடிக்க நமக்கு வேண்டியது முதல் வருஷப் பாடம் மட்டுமே.

ஒன்று: ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, இடது பெட்டி ட்வீட்டரையும் வலது பெட்டி ட்வீட்டரையும் மாற்றி மாட்டு. மங்கல் ட்வீட்டரோடு கூடவே போனால் கோளாறு ட்வீட்டரில். பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டால் கோளாறு கிராஸ்ஓவரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ. பைசா செலவில்லாத பரிசோதனை!

இரண்டு: மல்டிமீட்டரில் காயிலைப் பார். 8 ஓம் டிரைவர் மீட்டரில் சுமார் 6 ஓம் காட்டும். அது டி.சி. ரெசிஸ்டன்ஸ், 8 என்பது இம்பீடன்ஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் "2 ஓம் குறையுது, காயில் அவுட்" என்று தீர்ப்பு எழுதிவிடாதே. முள் அசையவே இல்லை என்றால்தான் காயில் அறுந்தது.

மூன்று: ட்வீட்டருக்கு சீரியஸில் நிற்கும் கெபாசிட்டர். பெரும்பாலும் உண்மையான திருடன் இங்கேதான் ஒளிந்திருக்கிறான். 4.7 மைக்ரோ ஃபாரட், 8 ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கட் ஆஃப் சுமார் 4,200 ஹெர்ட்ஸ் வரும். பழைய எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் காய்ந்து போய் மதிப்பு பாதியானால் அது 8,400 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பாட்டில் 'ஸ', 'ஷ' எழுத்துகளும் ஜால்ராவும் போன இடம் தெரியாது. ட்வீட்டர் பாவம், தனக்கு வராத சிக்னலை எப்படிப் பாடும்? ஒரு காலைக் கழற்றி அளந்து பார்த்துவிட்டு, அதே மதிப்பில் ஒரு ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் போதும். புது ட்வீட்டர் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

நான்கு: பெட்டிக்குப் பின்னால் ட்ரெபிள் குமிழ் இருந்தால் அதைப் பத்து தடவை திருப்பு. உள்ளே களிம்பு பிடித்திருக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் டிரைவரைத் திறந்து மேக்னட் இடுக்கில் இரும்புத் தூசு இருக்கிறதா என்று பார். டயஃப்ரம் போயிருந்தால், அது மட்டும் கிடைக்குமா என்று தேடு. எல்லாம் தாண்டிய பிறகுதான் டிரைவர் மாற்றுகிற பேச்சு.

மாற்றவே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்று நமக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் ஊறிக் காந்த இடுக்கு துருப்பிடித்த டிரைவரை வைத்துக்கொண்டு பூஜையா செய்ய முடியும்? தாராளமாக மாற்று. ஆனால் கணக்கோடு மாற்று.

ஊஃபர் ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் கொடுக்கிறது, நீ வாங்கி வந்த புது ஹார்ன் டிரைவர் 102 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 டெசிபல் என்றால் பவரில் சுமார் 16 மடங்கு. ஊஃபர் 16 வாட்டில் போடும் சத்தத்தை இது ஒரே வாட்டில் போட்டுவிடும். அடக்காமல் மாட்டினால் கஸ்டமர் முதல் நாள் "ஆஹா, கிளியரா இருக்குப்பா" என்பார். அது கிளியர் இல்லை, சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் "காது குத்துது" என்று வந்து நிற்பார். அடக்குவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. 4 ஓம் சீரியஸில், 8 ஓம் டிரைவருக்குப் பேரலலில். 6 டெசிபல் குறையும், ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் லோடு அதே 8 ஓம். இதே ஜோடியை இன்னொரு முறை முன்னால் போட்டால் 12 டெசிபல். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அழகாக வரும்.

விலை குறைவு என்று பீசோ ட்வீட்டர் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குக் காயில் கிடையாது. சர்க்யூட்டில் அது ஒரு கெபாசிட்டர் மாதிரி. 8 ஓமுக்குப் போட்ட கிராஸ்ஓவர் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. பழைய ஹார்ன் 3,000 ஹெர்ட்ஸிலிருந்து பாடியது என்றால், பீசோ அவ்வளவு கீழே இறங்கி வராது. பாடகர் குரலில் நடுவே ஓட்டை விழும். பெயர் மட்டும் அப்கிரேடு!

"இதெல்லாம் லேபுக்குச் சரி. கடையில் கஸ்டமர் நிற்கும்போது அளந்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோயின் வேரே அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் பார்ட்ஸுக்குக் காசு கொடுப்பார்கள், பார்த்ததற்குக் கொடுக்க மாட்டார்கள். கெபாசிட்டர் மாற்றினால் மெக்கானிக்குக் கிடைப்பது சில்லறை. ட்வீட்டர் மாற்றினால் மார்ஜின் உண்டு. பிறகு அவர் எதை மாற்றுவார்? அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது.

ஆகவே நாளை கடை வைக்கப் போகிற, சர்வீஸ் சென்டருக்குப் போகிற நாம் ஒரு பழக்கத்தைத் தொடங்குவோம். பில்லில் முதல் வரியாக 'பரிசோதனைக் கூலி' என்று வெட்கப்படாமல் எழுதுவோம். டாக்டர் ஃபீஸ் வாங்கவில்லையா? அளந்த எண்களைப் பில்லுக்குப் பின்னால் குறித்துக் கொடுப்போம். கழற்றிய டிரைவரை ஒரு பையில் போட்டுக் கஸ்டமர் கையிலேயே கொடுப்போம். பழைய டிரைவர் சிலவற்றில் அல்நிக்கோ காந்தம் இருக்கும். 1978-ல் ஜயர் நாட்டுச் சண்டையில் கோபால்ட் விலை ஏறியதும் ஸ்பீக்கர் கம்பெனிகள் பலவும் ஃபெரைட்டுக்கு மாறிவிட்டன. அப்படிப்பட்ட பொருள் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போவது, பார்க்கத் தெரியாத கையில் அது அகப்பட்டதால்தான்.

மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். லேபில் சிக்னல் ஜெனரேட்டரும் சி.ஆர்.ஓ.வும் பரீட்சைக்கு மட்டும் கண் விழிக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஆசிரியர் அனுமதியோடு அவற்றைத் திறப்போம். அக்கம்பக்கத்தார் பழைய பெட்டியைக் கொண்டு வரட்டும். நாம் அளப்போம், எழுதுவோம், பிறகு தொடுவோம். சந்தையில் நூறு பெட்டியைக் கழற்றினால் கை பழகும். நாலு பெட்டியை அளந்தால் மூளை பழகும்.

ஸ்க்ரூ கழற்ற டிப்ளமா தேவையில்லை தோழர்களே. எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் மூன்று வருஷம் படிக்கிறோம்.