'டெலிவர்டு' என்பது ரசீது ஆகாது

பனச்சமூடு சந்தையில் நிற்கும் வெளியூர்க்காரருக்கு எங்கே கேரளம் முடிகிறது, எங்கே தமிழ்நாடு தொடங்குகிறது என்று பிடிபடாது. மரச்சீனியும் வாழைக்குலையும் வாங்க இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்; ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்குப் பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், கடன் சொல்லிச் சாமான் வாங்குவதும் நிற்கவில்லை. நேர் வியாபாரம் இப்படிச் சரளமாக நடக்கும் இதே ஊர்களில் ஆன்லைன் வியாபாரம் செய்கிறவர்கள்தான் திணறுகிறார்கள்.

வெள்ளறடையில் ஒருவர் விற்ற கைத்தறித் துணி சில கிலோமீட்டர் தள்ளி அருமனைக்குப் போக வேண்டும் என்றால், கொரியர் கணக்கில் அது வேறு மாநிலம். 695-இல் தொடங்கும் பின்கோடிலிருந்து 629-இல் தொடங்கும் பின்கோடுக்குப் பயணம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளருக்கோ அந்தப் பயணமே பெரும்பாலும் கிடையாது. 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாமலே ஆன்லைன் சந்தைத்தளங்களில் பொருள் விற்கலாம் என்று சலுகை வந்தது. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் என்பது அதன் நிபந்தனை. காசர்கோட்டுக்கு அனுப்பலாம், கண்ணெதிரே தெரியும் ஊருக்கு அனுப்ப முடியாது. எல்லையோரத்துக்காரர்களுக்கு இது தனிக் குறை. தனியாகவே எழுதப்பட வேண்டியது. இன்று நாம் பேச வந்தது பார்சல் கிளம்பிய பிறகு நடப்பதைப் பற்றி.

வீட்டிலிருந்தே பாலராமபுரம் செட்டும் முண்டும் விற்கும் ஒரு பெண்மணி தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். துருப்பிடித்த கேட், பக்கத்தில் பாதி தெரியும் பலாமரம், கேட்டின் அடியில் பழுப்பு நிற உறை. கீழே ஆங்கிலத்தில் 'டெலிவர்டு' என்று ஒரு சொல். வாங்கியவரோ தனக்குக் கிடைக்கவில்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நாம் நினைக்கிறோம். முகவரியில் இருந்த வீட்டுப் பெயர் 'ரோட்டரிகத்து புத்தன்வீடு'. நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் சங்கடம் சொல்லாமலே விளங்கும். ஒரே வார்டில் மூன்று நான்கு புத்தன்வீடுகள் இருக்கும். பார்சல் எந்த வீட்டுக்குப் போனது என்று விற்றவருக்குத் தெரியவில்லை. படம் எடுத்த இடம் எது என்று கேட்டால் சந்தைத்தளத்திடமிருந்து பதில் இல்லை. வாங்கியவருக்குப் பணம் திரும்பிப் போயிற்று, அது நியாயம். அந்தத் தொகையும் அனுப்பிய கூலியும் அடுத்த வாரம் இந்தப் பெண்மணிக்கு வர வேண்டிய பணத்தில் பிடிக்கப்பட்டன. இது நியாயமே இல்லை.

காரணம் எளிது. பார்சலை எடுக்க வந்த கொரியரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கொரியரோடு ஒப்பந்தம் போட்டது சந்தைத்தளம். ட்ராக்கிங் எண்ணை உருவாக்கியதும், வழியில் நடந்த ஒவ்வொரு ஸ்கேனையும் பதிந்து வைத்திருப்பதும், கொண்டுபோனவரின் கைபேசி எந்த இடத்தில் இருந்தது என்று அறிந்திருப்பதும் அவர்களே. சாட்சியம் முழுக்க ஒருவர் கையில் இருக்க, நிரூபிக்க வேண்டிய கடமையும் நஷ்டமும் இன்னொருவர் தலையில் விழுகின்றன.

நம் சட்ட மரபு இப்படி இருந்ததில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39-ஆம் பிரிவில், வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்துவிட்டால், மாறாக நிரூபிக்கப்படாத வரை அதை வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகக் கொள்கிறது. அதற்கும் முந்தைய 1865-ஆம் ஆண்டின் சுமப்பவர் சட்டம், சரக்கு தொலைந்ததாக வழக்குப் போடுகிறவர் சுமந்தவரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. மாட்டுவண்டியில் சரக்குப் போன காலத்திலேயே, வழியில் நடந்தது அனுப்பியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதைச் சட்டம் செய்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் பதிவாகும் இந்தக் காலத்தில், சந்தைத்தளத்தில் சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டும் ஒரு நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

2020 ஜூலை 23-இல் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வாங்குபவருக்கு நல்ல அரணாக உள்ளன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. இவற்றில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டோம். ஆனால், பொருள் சேர்ந்தது என்பதற்கு எது சான்று, அதை யார் வைத்திருக்க வேண்டும், யாருக்குக் காட்ட வேண்டும் என்பது அந்த விதிகளில் இல்லை. நுகர்வோருக்கு 1915 என்ற உதவி எண் இருக்கிறது. சிறு விற்பனையாளருக்கு எஞ்சுவது அதே சந்தைத்தளத்தின் படிவம். அது கைவிட்டால் வழக்கு. எண்ணூறு ரூபாய் முண்டுக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

ஒன்றிய நுகர்வோர் விவகார அமைச்சகம் இந்த விதிகளைத் திருத்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கொரியரைச் சந்தைத்தளமே ஏற்பாடு செய்யும் இடத்தில், பொருள் சேர்ந்ததற்கான சான்றும் அதன் பொறுப்பாக வேண்டும். வெறும் 'டெலிவர்டு' என்ற சொல் சான்றாகாது. ஓடிபி, அல்லது பெற்றவரின் கையெழுத்து, அல்லது இடமும் நேரமும் பதிந்த படம் வேண்டும். அது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அந்தச் சான்றைக் காட்டாமல் விற்றவரின் பணத்தில் ஒரு பைசாகூடப் பிடிக்கக் கூடாது. விற்பவர் தானே அனுப்பும் இடத்தில் கடமை அவருடையது. பெட்டியைக் கட்டும் முன்பே 'அனுப்பியாயிற்று' என்று பதிகிறவர்களுக்காக நாம் வாதாடவில்லை.

இது செலவு பிடிக்கும் வேலை என்பார்கள். அஞ்சல் துறை 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்டில் ஓடிபி சொன்னால் மட்டும் ஒப்படைக்கும் வசதியை ஓர் உருப்படிக்கு ஐந்து ரூபாயும் வரியுமாகத் தருகிறது. அதே துறையின் சட்டம் இழப்புக்கான பொறுப்பைக் குறுக்கி வைத்திருப்பதையும் மறக்கவில்லை. அதுவும் ஒரு நாள் மாற வேண்டும். ஆனால் மலையோரக் கிராமத்துக்கும் கடிதம் கொண்டுபோகும் அரசுத் துறைக்கு ஐந்து ரூபாயில் முடிவது, அதைவிடப் பெரிய கணினி வசதி கொண்டவர்களுக்கு முடியாதா?

ஓடிபி மட்டும் போதும் என்றும் விட்டுவிட முடியாது. வெள்ளறடை குரிசுமலை அடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். வீட்டில் இருப்பது பாட்டி, எண் பதிந்த கைபேசி வளைகுடாவில் இருக்கும் மகனிடம். இத்தகைய வீடுகள் இங்கே ஏராளம். அதனால்தான் மாற்று வழியையும் விதியிலேயே எழுதச் சொல்கிறோம். புத்தன்வீட்டுக் குழப்பத்துக்கும் மருந்து வந்துவிட்டது. அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின், நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. முகவரிப் படிவத்தில் அதற்கு ஓர் இடம் விட்டாலே பாதிப் பார்சல் வழி தவறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய விதியின் பளு பைக்கில் மூட்டை சுமந்து ஏற்றம் ஏறும் பையன்களின் சம்பளத்தில் பிடித்தமாக இறங்கிவிடக் கூடாது. இத்தனை மணிக்குள் இத்தனை பார்சல் என்று நெருக்கும்போதுதான், கதவைத் தட்டாமலே 'வீட்டில் ஆள் இல்லை' என்றும், கேட்டருகே போட்டுவிட்டு 'கொடுத்தாயிற்று' என்றும் பதிகிறார்கள். அந்த இலக்கை வைத்தவர்களே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பாலராமபுரத்துக் குழித்தறிகளில் நெய்த துணிக்கு ஓணக் காலமே பெரிய சந்தை. இரண்டு நூற்றாண்டுக்கு முன் நாகர்கோவில் பக்கத்திலிருந்து போன சாலியர்கள் வேரூன்றச் செய்த தொழில் அது. புவிசார் குறியீடும் பெற்றது. ஆவணியில் விற்க ஆனி, ஆடியிலேயே கடன் வாங்கித் துணி எடுத்து வைப்பார்கள். அடுத்த ஓணத்துக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கும் முன் அமைச்சகம் திருத்த வரைவையாவது வெளியிட வேண்டும். அதன் மீது கருத்துச் சொல்லும் கால அவகாசத்தில், நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களின் விற்பனையாளர்களையும் நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் கேட் படங்களை அவர்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள்.